பரணில் கிடைத்த 'எம்டன் தொப்பி': உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

ராயபுரம் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம், தாத்தா இருந்த அதே வீட்டில்தான் நாங்கள் இன்னும் இருக்கிறோம். மழைக்கு ஓடு ஒழுகுகிறது என்று போன மாதம் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, தொட்டில் கட்டை, ஒரு மூட்டை பழைய பஞ்சாங்கம், அதற்குப் பின்னால் கோணிச் சாக்கில் சுற்றிய இரும்புத் தொப்பி ஒன்று. சின்ன வயதில் நான் பார்த்ததுதான். ஆயா காலத்தில் அதில் அடுப்புக் கரி அள்ளுவார்கள். அப்புறம் அப்பா அதைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து ஆணி, திருகாணி எல்லாம் போட்டு வைத்திருந்தார். அப்பா போன பிறகு பரணுக்குப் போய்விட்டது.

வீட்டில் அதற்குப் பெயர் 'எம்டன் தொப்பி'. 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு போட்டபோது, மறுநாள் காலையில் தாத்தாவின் அப்பா கடலோரத்தில் அதைக் கண்டெடுத்தார் என்று கேட்டு வளர்ந்தோம். தாத்தா துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். அதனால் கதை பொருத்தமாகவே தோன்றியது. யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், உறவுக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டார். ஒரு வியாபாரி வீடு தேடி வந்துவிட்டார். கையில் வாங்கி இரண்டு நிமிடம் திருப்பிப் பார்த்தார். "ஜெர்மன்காரன் சாமான்தாங்க, சந்தேகமே வேணாம், 15,000 தரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருகிறாராம். தம்பிக்கு விற்க மனமில்லை. ஆனால் அவன் யோசனை இன்னும் பயமாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, புதுசாகப் பச்சை பெயின்ட் அடித்து ஹாலில் மாட்டலாம் என்கிறான்.

தொப்பி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஆழம் குறைவு, சுற்றிலும் அகலமான விளிம்பு. ஆப்பச் சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. வெளியே பச்சை, அது உரிந்த இடங்களில் சாம்பல் நிறம். உள்ளே எண்ணெய்த்துணி மாதிரி கறுப்பாக ஒரு உள்பட்டை. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. தாடையில் மாட்டும் நாடா ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. நாடாவின் ஓரத்தில் சின்ன ஸ்பிரிங் இருக்கிறது.

பணத்துக்காகக் கேட்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறாள். அவள் வாயால் பொய்யான ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. இந்த மாதிரி பொருள் உண்மையானதுதானா, எந்த நாட்டுடையது, எந்தக் காலத்துடையது என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?


மூர் மார்க்கெட் நினைவுகள் எழுதியது:

சகோதரி, முதல் காரியமாகப் புளியையும் உப்புத்தாளையும் தம்பி கையிலிருந்து வாங்கி வையுங்கள். அந்தப் பச்சைக்கு அடியில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் எல்லாம் இருக்கும். ஒரு தடவை தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

1985-ல் தீப்பிடிக்கும் முன்னால் மூர் மார்க்கெட்டில் இப்படிப்பட்டவை புத்தகக் கடைகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். காயலான் கடையில் எடைக்குப் போனதும், பேரீச்சம்பழத்துக்குப் போட்டதும் எத்தனையோ. உங்கள் வீட்டில் தப்பித்து நின்றதே பெரிது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். பொருள் எங்கேயும் ஓடிவிடாது.

இங்கே பெரம்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார், தகடு தெரிந்தவர். அவர் பார்த்தால் சொல்வார்.


பெரம்பூர் தகட்டுக்காரர் எழுதியது:

அம்மா, ஐ.சி.எஃப்.-ல் தகட்டுப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் பெட்டிக்குத் தகடு வளைத்த கை. ஓய்வுக்கு அப்புறம் தெரிந்தவர் வீடுகளில் இப்படிப் பழைய ஹெல்மெட்டுகள் ஒன்பது பத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நான் பட்டாளத்துக்குப் போனவன் இல்லை. இரும்பு எப்படிப் பேசும் என்று மட்டும் தெரியும்.

வீட்டுக் கதையைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கமாக வையுங்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை, பத்திரமாகவே வையுங்கள். ஆனால் பொருளைப் பார்க்கும்போது கதை கண்ணை மறைக்கும்.

எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சுட்டுவிட்டுப் போய்விட்டது. அதிலிருந்து ஒருவனும் இங்கே கரை இறங்கவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுத் தரை தட்டியது. ஜெர்மன் ராணுவத்துக்கு இரும்புத் தொப்பி வந்ததே 1916-ல்தான். அதுவரை சிப்பாய்க்குத் தோல் தொப்பி, மாலுமிக்குத் துணித் தொப்பி. நீங்கள் சொல்கிற ஆப்பச் சட்டி வடிவம் பிரிட்டிஷ்காரர்களுடையது. பிராடி என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1915-ல். ஆகவே 1914-ல் இந்த வடிவத்தில் ஒரு தொப்பி சென்னைக் கடலோரத்தில் கிடக்க வழியே இல்லை. எம்டன் கழிந்தது. ஜெர்மனியும் கழிந்தது. ஜெர்மன் தொப்பி காதையும் பிடரியையும் மூடி இறங்கும், பார்த்தாலே தெரியும்.

மிச்சம் இருப்பது மூன்று கேள்வி. முதல் உலகப் போர் காலமா, இரண்டாவதா? சிப்பாயுடையதா, ஊர்க் காவலுக்குக் கொடுத்ததா? அசலா, பின்னால் செய்த நகலா?

முதல் கேள்விக்கு உச்சியைப் பாருங்கள். முதல் போர் காலத்து மார்க் 1 தொப்பியில் உள்பட்டையை உச்சியில் ரிவிட் அடித்து நிறுத்தியிருப்பார்கள், தாடைப் பட்டை தோல். 1938 வாக்கில் வந்த மார்க் 2-ல் உச்சியில் ஒரு திருகாணிதான் உள்பட்டையைப் பிடித்திருக்கும், தாடைக்கு நெய்த நாடா, அதன் ஓரத்தில் ஸ்பிரிங். ஸ்பிரிங் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உச்சியில், தலையில் வெட்டுப் பள்ளம் உள்ள திருகாணி இருந்தால் மார்க் 2. ஆனால் பழைய மார்க் 1 தொப்பிக்கே புது உள்பட்டை மாட்டி இரண்டாம் போருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் உள்பட்டையை மட்டும் வைத்து வருடம் சொல்லக் கூடாது. வருடத்தை இரும்பு சொல்ல வேண்டும்.

இரும்பு எங்கே சொல்லும்? விளிம்பின் அடிப்பக்கத்தில், நாடா மாட்டும் காதுகளை ஒட்டித் தேடுங்கள். செய்த கம்பெனியின் எழுத்துகளும் வருடமும் பஞ்ச் அடித்திருக்கும். இங்கிலாந்தில் கார் பாடி அடித்துக்கொண்டிருந்த பிரிக்ஸ் கம்பெனி போர்க் காலத்தில் இதைத்தான் அடித்தது. அவர்கள் முத்திரை பி.எம்.பி. என்று இருக்கும். தகட்டு வேலை தெரிந்த இடத்துக்குத்தானே போக வேண்டும். பஞ்ச் குறி பெயின்டுக்கு அடியில் மங்கலாகக் கிடக்கும். சுரண்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கும் அல்லவா, அதே மாதிரி மெல்லிய தாளை வைத்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி விட்டாலும் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குக் காந்தம் வேண்டும். இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக் கடக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'கிராசிங்' துண்டுகள் மாங்கனீஸ் எஃகில் வார்த்தவை. ஹாட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1882-ல் கண்டுபிடித்த எஃகு, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குபோல மாங்கனீஸ் சேர்ந்தது. சக்கரம் அடிக்க அடிக்க அது தேயாமல் மேலும் இறுகும். அடி வாங்கி இறுகுகிற குணத்துக்காகத்தான் சிப்பாயின் தொப்பியையும் அதே எஃகில் செய்தார்கள். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. காந்தம் ஒட்டாது. என் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பிரிட்டிஷ் மார்க் 2-ன் உச்சிச் சரிவில் வைத்தால் அது வழுக்கி விழ வேண்டும். கப்பென்று பிடித்துக்கொண்டால் அது சாதாரண இரும்பு, குண்டடி தாங்கும் தரம் இல்லை. இந்தச் சோதனையை ஜெர்மன் தொப்பிக்குச் செய்யாதீர்கள். அவர்கள் எஃகு வேறு, அசலிலேயே காந்தம் ஒட்டும்.

அதோடு விளிம்புக்குப் பக்கத்தில் பென்சில் நுனி நுழைகிற மாதிரி சின்னத் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். சோதனையில் ராணுவத் தரத்துக்கு எட்டாத தொப்பிகளை வீணாக்காமல், துளை போட்டு அடையாளம் வைத்து, விமானத் தாக்குதல் பாதுகாப்பு ஆட்களுக்கும் தொழிற்சாலைக் காவலுக்கும் கொடுத்தார்கள். இதில் ஒரு சிக்கல். வீட்டில் செடி வைக்கவும் தண்ணீர் வடியவும் ஆணியால் துளை போட்டிருப்பார்கள். இரண்டையும் பிரிக்க வழி உண்டு. தொழிற்சாலைத் துளையில் முதலில் துளை, பிறகுதான் பெயின்ட். துளையின் உள்சுவரிலும் பழைய பெயின்ட் ஏறியிருக்கும். வீட்டுத் துளையில் உள்சுவர் வெறும் துரு, மறுபக்கம் ஓரம் பிதுங்கி நிற்கும். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் துளசி வைத்திருந்த தொப்பியை இப்படித்தான் கண்டுபிடித்தேன். உச்சியில் இருந்த ஐந்து துளையும் ஆணி, விளிம்பில் இருந்த இரண்டு மட்டும் தொழிற்சாலை.

நகல் என்ற மூன்றாவது கேள்வி உங்கள் வீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆயா கரி அள்ளிய பொருளை நேற்று எவனும் செய்திருக்க முடியாது. இருந்தாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அசல் தொப்பி ஒரே தகட்டை 'டை' என்கிற இரும்பு அச்சில் வைத்து அழுத்தி எடுத்தது. தலை வட்டமா? இல்லை. அதனால் தொப்பியின் உச்சியும் முன்பின்னாகக் கொஞ்சம் நீண்ட முட்டை வடிவம். லேத்தில் சுழற்றி எடுக்கிற நகல் சரியான வட்டமாக வரும், உள்ளே விரலை ஓட்டினால் இசைத்தட்டு மாதிரி வளையம் வளையமாகக் கோடு தட்டுப்படும். துருவும் காட்டிக்கொடுக்கும். அமிலம் தடவி வரவழைத்த துரு மஞ்சள் பூசின மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராக, விரலில் ஒட்டும் பொடியாக இருக்கும். உப்புக் காற்றில் எழுபது எண்பது வருடம் கிடந்த துரு கருப்பட்டி நிறத்தில் இறுகிக் கிடக்கும். அதுவும் எல்லா இடத்திலும் இருக்காது. ஈரம் எங்கே நின்றதோ, கை எங்கே பட்டதோ அங்கே மட்டும். உங்கள் அப்பா ஆணி போட்டு வைத்தார் என்றீர்கள். உள்ளே உச்சிப் பள்ளத்தில்தான் துரு அதிகம் இருக்க வேண்டும், சரிதானா என்று பாருங்கள்.

காந்தம், துளை, பஞ்ச் குறி, பச்சைக்கு அடியில் ஏதாவது எழுத்து. நான்கையும் பார்த்து எழுதுங்கள்.


வியாசை பையன் எழுதியது:

அக்கா, நான் ஏமாந்த கதையைச் சொன்னால் வியாபாரி சொன்ன "சந்தேகமே வேணாம்" எவ்வளவு பெரிய சந்தேகம் என்று புரியும்.

மூன்று வருடம் முன்னால் இணையத்தில் ஒரு ஜெர்மன் ஹெல்மெட் பார்த்து 22,000 கொடுத்து வாங்கினேன். ஆறு மாதச் சேமிப்பு. பக்கத்தில் கழுகுப் படம் ஒட்டியிருந்தது. துரு, கீறல் எல்லாம் பார்க்கவே மிரட்டலாக இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்று ராத்திரி அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

பெரம்பூர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கழுகைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே நாடா நுழைகிற மாதிரி சதுரமான ஒரு இரும்புக் கொக்கி ரிவிட் அடித்திருந்தது. ஜெர்மன் தொப்பியில் அது கிடையாது. முதுகுப் பையில் மாட்டித் தொங்கவிட ஹங்கேரிக்காரர்கள் வைத்தது. 1938 மாடல் ஹங்கேரித் தொப்பி, வடிவம் ஜெர்மன் தொப்பிக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஜெர்மன் என்றால் உள்ளே இடது பக்கம் செய்த தொழிற்சாலையின் எழுத்தும் அளவு எண்ணும் சேர்ந்து, 64, 66 என்று, பஞ்ச் அடித்திருக்க வேண்டும். பின்பக்கம் உள்ளே, எந்தத் தடவை உருக்கிய எஃகு என்று காட்டும் எண் வேறு இருக்கும். என்னுடையதில் இரண்டும் இல்லை.

அப்புறம்தான் என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் கழுகைப் பார்க்கச் சொன்னார். தொப்பியில் ஒரு நீளக் கீறல் பெயின்டைக் கிழித்துக்கொண்டு கழுகுக்குள் நுழைந்தது. கழுகுக்குள் வந்ததும் கீறல் பள்ளமாகத் தெரிந்தது, ஆனால் படம் கிழியவில்லை. கீறலுக்கு மேலே படம் படுத்திருந்தது. அதாவது கீறல் முதலில், கழுகு பிறகு. அந்த ஒரு இடத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கழுகைச் சுரண்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வாங்க நினைக்கிற பசங்களுக்கு அந்தக் கீறலைக் காட்டத்தான் இப்போது அது பயன்படுகிறது.


ராயபுரம் பேத்தி எழுதியது:

ஐயா, நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நான், தம்பி, மகள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

உச்சியில் திருகாணி இருக்கிறது. ரிவிட் இல்லை.

காந்தம்: ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து வைத்தோம். கப்பென்று பிடித்துக்கொண்டது. எடுக்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. தம்பி முகம் கொஞ்சம் வாடிவிட்டது. மளிகைக் கடைத் தராசில் எடை 1 கிலோ 60 கிராம்.

துளை: பின்பக்கம் விளிம்பை ஒட்டி மூன்று, பக்கத்தில் பக்கத்தில். குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் சாம்பல் நிறப் பெயின்ட் இருக்கிறது. ஓரம் பிதுங்கவில்லை.

பஞ்ச் குறி: தாளும் பென்சிலும் வைத்து மகள் தேய்த்தாள். கம்பெனி எழுத்து துருவில் கரைந்துபோயிருக்கிறது. ஆனால் வருடம் எழும்பி வந்தது. 1, 9, 4, கடைசியில் ஒரு நேர்கோடு. 1941 என்றே படிக்கிறோம். அந்தத் தாளை அவள் நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

உள்ளே துரு நீங்கள் சொன்ன மாதிரியே உச்சிப் பள்ளத்தில்தான். ஒரு ஆணி படுத்திருந்த வடிவம்கூட அச்சாக இருக்கிறது. அப்பா போட்டு வைத்த ஆணி. அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எழுத்து: இதுதான் முக்கியம். டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்தபோது முன்பக்கத்தில் பச்சைப் பெயின்டுக்கு அடியில் ஏதோ மேடாகத் தெரிந்தது. தூரிகையால் தடித்த எழுத்து எழுதி, அதன் மேல் பச்சை அடித்திருக்கிறார்கள். மூன்று ஆங்கில எழுத்து. முதலாவது ஏ. கடைசி பி. நடுவில் உள்ளது பெயின்ட் உரிந்த இடத்தோடு போய்விட்டது, ஒரு கால் மட்டும் தெரிகிறது.


பெரம்பூர் தகட்டுக்காரர் எழுதியது:

அம்மா, நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். நான் நேரில் வந்திருந்தாலும் இதற்கு மேல் பார்த்திருக்க மாட்டேன்.

நடுவில் இருப்பது ஆர். ஏ.ஆர்.பி. விமானத் தாக்குதல் பாதுகாப்புப் பணி என்பதன் சுருக்கம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் வாயில் 'ஏயார்பி' என்றே வரும்.

மூன்று துளையை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். தென்னாப்பிரிக்காவில் அடித்த மார்க் 2-லும் பின்விளிம்பில் மூன்று துளை உண்டு. அது தரக் குறைவுக்கு அடையாளம் இல்லை, பிடரியை வெயிலிலிருந்து மறைக்கத் துணி கட்டுவதற்கு வைத்தது என்பார்கள். காந்தமும் எழுத்தும் சேர்ந்துதான் உங்களுடையதைத் தீர்த்துவைத்தன. உங்கள் தொப்பி அசல். 1941-ல் அடித்தது. சிப்பாய்க்குப் போனது இல்லை, ஊரைக் காத்தவருக்குக் கொடுத்தது. பச்சை பிற்பாடு அடித்தது. எழுத்து அதற்கு அடியில் கிடப்பதே சாட்சி.

தம்பி முகம் வாடியதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து மிருகக்காட்சி சாலையில் புலி, சிங்கங்களைச் சுட்டுவிட்டார்கள். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ஏறுவதற்கு இடம் இல்லாமல் ஜனம் நின்றது. அப்படி ஊர் காலியானபோது துறைமுகத்துக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில், அதாவது குண்டு விழுந்தால் முதலில் விழும் இடத்தில், இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ராத்திரியில் நின்றவர்கள் இருந்தார்கள். துறைமுகக் கணக்கர் வீட்டில் இது இருப்பதற்கு அதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டும் போனது, பெரிய சேதம் இல்லை. குண்டடி தாங்காத சாதாரண இரும்பைத்தான் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் ஜெர்மன் என்று நினைத்துத்தான் விலை சொன்னார். விற்பதானால் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். விற்காதீர்கள் என்பது என் ஆசை.

பராமரிப்புக்குப் பெரிய செலவு இல்லை. தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் படக் கூடாது. காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். உச்சித் திருகாணியைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம்; உள்பட்டை அதோடு உதிர்ந்துவிடும். பழைய பருத்திப் புடவையைப் பந்தாகச் சுற்றி அதன் மேல் உட்கார வைத்தால் உள்பட்டை மேல் பாரம் விழாது. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், நம்ம பக்கத்து உப்புக் காற்றில் உள்ளே வியர்த்து ஒரே மழைக்காலத்தில் துரு பாய்ந்துவிடும். செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நான்கு பக்கத்தில் வையுங்கள். உப்புத்தாள் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். தேய்த்தால் தூசி பிள்ளைகளின் மூச்சில் போகும்.

எம்டன் பெயர் எப்படி வந்தது என்று மட்டும் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் கேளுங்கள். இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயருக்கு ஏதாவது காரணம் இருக்கும்.


ராயபுரம் பேத்தி எழுதியது:

ஐயா, கேட்டேன். தண்டையார்பேட்டையில் பெரிய அத்தை இருக்கிறார்கள். தாத்தாவுக்கு மூத்த பெண். 1942-ல் அவர்களுக்கு ஆறு வயது. தொப்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

எம்டன் கப்பல், கடலோரம், கொள்ளுத்தாத்தா என்று நான் ஆரம்பித்ததுமே அத்தை கையை அசைத்து நிறுத்திவிட்டார்கள். "கப்பலும் இல்ல, கிப்பலும் இல்லடி. எங்க நைனாவத்தான் தெருவுல எம்டன்னு சொல்லுவாங்க. எம்டனோட தொப்பி. அதத்தான் நீங்க எம்டன் தொப்பின்னு ஆக்கிட்டீங்க."

தாத்தா ரொம்பக் கண்டிப்பானவராம். சைரன் ஊதிவிட்டால் இந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாராம். ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் கதவைத் தட்டி அணைக்கச் சொல்லுவாராம். தூரத்தில் அவர் குரல் கேட்டதும் "எம்டன் வர்றான்" என்று விளக்கை ஊதிவிடுவார்களாம். ஏப்ரலில் ஆயாவையும் பிள்ளைகளையும் பொன்னேரிக்கு ரயில் ஏற்றிவிட்டு, தாத்தா மட்டும் இங்கேயே இருந்திருக்கிறார். நான்கு மாதம் கழித்துத்தான் அவர்கள் திரும்பி வந்தார்களாம்.

இவ்வளவையும் அத்தை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தொப்பி அவர்கள் மடியில் இருந்தது. அறுந்த நாடாவின் ஸ்பிரிங்கை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி உண்டாம். தாத்தா ராத்திரி வந்து தொப்பியை அதில் மாட்டும்போது சுவரில் பட்டு ஒரு சத்தம் வருமாம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் தூங்குவார்களாம்.

ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறது. இத்தனை வருடமாக அதில் குடை மாட்டிக்கொண்டிருந்தோம்.